கண்ணாடி இல்லாத படம்: கேன்வாஸ் பிரிண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா மதுரையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டமடிக்கும் கடை வைத்திருந்தார். அதே கடையில் இப்போது நான் கேன்வாஸ் பிரிண்டும் செய்து தருகிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். கடைக்கு வரும் முன்பே இதைப் படித்துவிட்டால் படமும் நன்றாக அமையும், பணமும் வீணாகாது.

கேன்வாஸ் பிரிண்ட் என்றால் என்ன? துணியில் போட்டோவா?

ஆமாம், துணிதான். ஓவியர்கள் எண்ணெய் வண்ணம் தீட்டும் துணியைப் போன்றது. மை பிடிப்பதற்காக மேலே ஒரு பூச்சு இருக்கும். இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சடித்து, காயவைத்து, வார்னிஷ் பூசி, மரத்தாலான உள்சட்டத்தின்மேல் இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடிப்போம். தஞ்சாவூர் ஓவியத்தில் துணியைப் பலகைமேல் ஒட்டிவிடுவார்கள். இதில் துணி எதன்மேலும் ஒட்டியிருக்காது. நான்கு ஓரமும் இழுபட்டு, மிருதங்கத் தோல்போல விறைப்பாக நிற்கும். முன்னால் கண்ணாடி கிடையாது.

அந்தக் கடைசி வரியை மனதில் வையுங்கள். கேன்வாஸின் அழகு, ஆபத்து இரண்டுமே கண்ணாடி இல்லாததால்தான் வருகின்றன.

அப்படியானால் கண்ணாடிச் சட்டத்தைவிட இது நல்லதா?

சில இடங்களில். கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடிப் படத்தை மாட்டினால் பகல் முழுக்க அதில் ஜன்னல்தான் தெரியும், இரவில் டியூப் லைட் தெரியும். கேன்வாஸில் அந்தத் தொல்லை இல்லை. எடையும் குறைவு, விழுந்தாலும் உடைந்து சிதறாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் புகை, ஈரம், எண்ணெய்க் கை, பல்லி எச்சம் எல்லாம் கண்ணாடியில் தங்குவதற்குப் பதிலாகப் படத்தின்மேலேயே தங்கும். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் கேன்வாஸ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இறந்துபோன அப்பாவின் படத்தைக் கேன்வாஸில் போடலாமா?

மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றிக் கும்பிடப்போகும் படம் என்றால் வேண்டாம்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. தாத்தாவின் படத்தைப் பெரிய கேன்வாஸாகச் செய்து கூடத்தில் மாட்டினேன். அப்போது வார்னிஷ் பூசும் வழக்கம் எனக்கு இல்லை. திவசத்தன்று அம்மா எப்போதும்போல நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கண்ணாடி என்றால் மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இதில் குங்குமம் இழைக்குள் இறங்கிவிட்டது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. அன்று முழுவதும் அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமலே நடந்தார். அந்தப் படத்தைக் கழற்றி, புதிதாக அச்சடித்து, அப்பாவின் பழைய முறைப்படி கண்ணாடி போட்டுக் கொடுத்தேன்.

வார்னிஷ் பூசியிருந்தாலும் குங்குமக் கறை முழுதாகப் போகும் என்று நான் உறுதி தரமாட்டேன். மாலையின் ஈரமும் சாம்பிராணிப் புகையும் வேறு இருக்கின்றன. அதனால் இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு படமாகச் செய்யச் சொல்கிறேன். கும்பிடுவதற்கு அளவான ஒரு கண்ணாடிப் படம். கூடத்துக்கு, அவர் தோட்டத்தில் நின்றதோ பேரனைத் தூக்கிச் சிரித்ததோ, அப்படி ஒரு படம் கேன்வாஸில். அதில் யாரும் பொட்டு வைக்கமாட்டார்கள். வீட்டில் அவர் நடமாடிய நாட்களின் நினைவாக அது இருக்கும்.

எந்த மாதிரிப் படம் கேன்வாஸுக்குப் பொருந்தும்?

சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படம். வைகறை வெளிச்சத்தில் கோபுரம், மழைக்குப் பிந்தைய வயல், பாம்பன் கடல், ஒரே ஒரு முகம், கைக்குழந்தையின் கால். இவற்றில் துணியின் இழை படத்தோடு சேர்ந்து ஒரு கனத்தைத் தரும்.

பொருந்தாதது, நாற்பது பேர் நிற்கும் குடும்பப் படம். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த அந்தப் படத்தைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுகிறார்கள். பெரிதாக அடித்தாலும் ஒவ்வொரு முகமும் சிறிதாகத்தான் வரும். சித்தியின் கண்ணும் மூக்கும் இழையின் சொரசொரப்பில் கரைந்துவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு: அச்சில் முகம் ஒரு இன்ச்சுக்குக் குறைவாக வந்தால் கேன்வாஸ் வேண்டாம். வழவழப்பான போட்டோ பேப்பரில் அடித்துக் கண்ணாடி போடுங்கள், ஒவ்வொருவரும் தெளிவாக இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

சாதாரணமாக அனுப்பினால் போதாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல், அதாவது 1600 சிறு புள்ளிகள்தான் மிஞ்சும். கேன்வாஸுக்கு ஒரு இன்ச்சுக்கு 150 பிக்சல் இருந்தால் நன்றாக இருக்கும். 1600ஐ 150ஆல் வகுத்தால் பத்தரை இன்ச் வருகிறது. அதைக்கொண்டு சுவர் நிறையப் படம் கேட்டால் பிக்சல் உடையும்.

அதே படத்தின் அசல் உங்கள் செல்லிலேயே இருக்கும். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் 4000க்கு 3000 பிக்சல். 150 கணக்கில் 26க்கு 20 இன்ச் வரை தாராளமாக அடிக்கலாம். ஆறடி தள்ளி நின்று மட்டுமே பார்க்கும் படம் என்றால் இன்ச்சுக்கு 100 பிக்சல்கூடப் போதும். அப்போது 40க்கு 30 வரை போகலாம். ஓரம் மடிப்புக்கு இதிலிருந்தே கொஞ்சம் கழியும், அதைக் கீழே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், சுருங்காது. இல்லையென்றால் மெயிலில் அனுப்புங்கள், பென் டிரைவில் கொண்டு வாருங்கள். பேஸ்புக்கிலிருந்து இறக்கிய படமோ ஸ்கிரீன்ஷாட்டோ வேண்டாம்.

பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பெரிதாக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அந்தக் காலத்து ஸ்டுடியோப் படங்களில் நாம் நினைப்பதைவிட அதிக விவரம் உண்டு. 3க்கு 4 இன்ச் படத்தை 600 டிபிஐயில் (இன்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1800க்கு 2400 பிக்சல் கிடைக்கும். இன்ச்சுக்கு 100 கணக்கில் 18க்கு 24 வரை வரும். செல்லில் படத்துக்குப் படம் எடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு எச்சரிக்கை. படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிரிக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் முகத்தோடு வந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள். கண்ணாடியின் மேலாகவே, எதிரே கருப்புத் துணி பிடித்து, பிரதிபலிப்பு விழாமல் படமெடுத்துவிடலாம்.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு செயலிகளில் கொடுத்து முகத்தைத் ‘தெளிவாக்குவது’. அது இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. தோல் பளபளக்கும், கண் கூர்மையாகும், ஆனால் அது உங்கள் அப்பத்தாவின் கண்ணாக இருக்காது. அவரைப் பார்த்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குப் போங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருப்பதுதான் முக்கியம்.

கல்யாணப் போட்டோவைப் போட்டோகிராபரிடம் கேட்காமல் அடிக்கலாமா?

பணம் கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை உங்களுக்கே என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்திட்ட காகிதம் ஏதாவது இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தை ஸ்கேன் செய்ய வேண்டாம், அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஓரத்தில் மடிக்கும்போது படம் வெட்டுப்படுமா?

சொல்லாமல் விட்டால் வெட்டுப்படும். கேன்வாஸில் அதிக மனவருத்தம் வரும் இடம் இது. உள்சட்டம் ஒன்றரை இன்ச் தடிமன் என்றால், துணி அந்தப் பக்கவாட்டில் இறங்கி, பின்னாலும் ஒரு இன்ச் மடிய வேண்டும். பக்கத்துக்கு இரண்டரை இன்ச், ஆக நீளத்திலும் அகலத்திலும் ஐந்து இன்ச் கூடுதலாக வேண்டும். படத்தின் ஓரத்தில் நிற்பவரின் தோளும் பாட்டியின் கொண்டையும் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

ஓரத்தில் வெறும் வானமோ மரமோ இருந்தால் படத்தையே மடித்துவிடலாம், பார்க்க அதுதான் அழகு. ஓரம்வரை ஆட்கள் இருந்தால் மூன்று வழி உண்டு: ஓரப்பகுதியைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் பக்கவாட்டில் அச்சடிப்பது, பக்கவாட்டுக்கு வெள்ளையோ கருப்போ ஒரே நிறம் விடுவது, அல்லது முக்கால் இன்ச் மெல்லிய சட்டம் போட்டு இழப்பைக் குறைப்பது. முகங்கள் உள்ள படத்துக்குத் திருப்பி அடிக்கும் முறையை நான் செய்வதில்லை, பக்கவாட்டில் பாதி முகம் இரட்டையாகத் தெரியும். நிறம் விடுவதையே சொல்வேன். எதுவானாலும் அச்சுக்கு முன் மடிப்புக் கோடு போட்ட மாதிரிப் படம் கேட்டுப் பாருங்கள்.

எந்த அளவு எடுப்பது?

செல்லில் எடுத்த படம் பெரும்பாலும் 4:3. அதற்கு 12க்கு 16, 18க்கு 24, 30க்கு 40. கேமராவில் எடுத்தது 3:2. அதற்கு 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30, 24க்கு 36. ஒன்றை மற்றதன் அளவில் அடித்தால் ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்படும். கடையில் முடிவெடுப்பதற்கு முன் செய்தித்தாளை அந்த அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள்.

செல்லில் பளிச்சென்று இருந்த படம் கேன்வாஸில் இருட்டாக வருகிறதே, ஏன்?

செல் திரை தானே வெளிச்சம் தருகிறது. துணி அறை வெளிச்சத்தைத் திருப்பித்தான் தர முடியும். அதிலும் பளபளப்பில்லாத மேட் கேன்வாஸில் கருப்பு ஆழமாக விழாது, நிழல் பகுதிகள் ஒன்றாகக் கலந்து கட்டியாகத் தெரியும். செல்லின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போது முகம் இருட்டாகத் தெரிந்தால் அச்சுக்கு முன் வெளிச்சம் கூட்ட வேண்டும். மாநிறமும் கருப்புமான நம் முகங்களுக்கு இது மிகவும் முக்கியம். தோலை வெளுக்கச் சொல்லவில்லை, நிழலில் மறைந்த கண்களை வெளியே கொண்டுவந்தால் போதும்.

பெரிய படம் என்றால் முகமும் நிழலும் வரும் ஒரு துண்டை மட்டும் நாலு இன்ச் அகலத்தில் முன்னோட்டமாக அடித்துக் கேளுங்கள். நல்ல கடையில் மறுக்கமாட்டார்கள்.

கடையில் என்னென்ன கேட்டு உறுதி செய்வது?

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெய்த துணியின் ஊடும் பாவும் தெரிய வேண்டும். பிளக்ஸ் பேனர் மாதிரிப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது முன்னால் இழை பதித்த வினைல். சில இடங்களில் அதையும் கேன்வாஸ் என்றே விற்கிறார்கள்.

பருத்தியா பாலியஸ்டரா? பருத்தி இளம் மஞ்சள் சாய்ந்த வெள்ளை, ஓவியத் தன்மை கூடும், ஆனால் ஈரத்துக்கு ஏற்ப நெகிழ்ந்து சுருங்கும். பாலியஸ்டர் பளீர் வெள்ளை, தொய்வு குறைவு. இரண்டும் கலந்ததும் கிடைக்கிறது, எங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அதையே நான் அதிகம் பயன்படுத்துகிறேன். 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளவுக்குக் கனம் இருந்தால் இழுத்துக் கட்ட வசதி.

மை நிறமித் துகள் கொண்டதா என்று கேளுங்கள். கடையில் ‘பிக்மென்ட் மை’ என்பார்கள். சாய மை சீக்கிரம் வெளுக்கும். ஈகோ சால்வென்ட் மையில் (கரைப்பான் கலந்த ஒரு வகை மை) அடித்தால் தவறில்லை, வாடை போகச் சில நாள் காற்றாட வைக்க வேண்டும்.

‘ஜிக்லே பிரிண்ட்’ என்று சொல்லி அதிக விலை கேட்டால் தயங்காமல் விளக்கம் கேளுங்கள். 1991இல் ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சுக்கலைஞர் இங்க்ஜெட்டில் அடித்த கலைப்பிரதிகளுக்கு வைத்த பெயர் அது. மையும் துணியும் என்ன என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

வார்னிஷ் கட்டாயம். அச்சு ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு. அவசரப்பட்டு அன்றைக்கே வாங்கிப் போகாதீர்கள்.

சிறிய கேன்வாஸுக்கும் ஏன் இவ்வளவு விலை?

துணிக்குச் சதுர அடிக் கணக்கு, மரத்துக்கு ரன்னிங் அடி, அதாவது நீள அடிக் கணக்கு. 24க்கு 36 படம் பார்வைக்கு 6 சதுர அடி. மடிப்போடு 29க்கு 41, அதாவது சுமார் 8¼ சதுர அடி அச்சடிக்கிறோம். 12க்கு 18 பார்வைக்கு ஒன்றரைச் சதுர அடிதான், மடிப்போடு 17க்கு 23, ஏறக்குறைய 2¾ சதுர அடி. சிறிய படத்தில் அச்சடிக்கும் துணியில் ஏறக்குறைய பாதி பக்கவாட்டிலும் பின்னாலும் போகிறது. மூலை மடிக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

உள்சட்டத்துக்கு எந்த மரம்?

நன்றாக உலர்ந்த மரம். பைன் நல்லது. பச்சை மரமென்றால் ஓரிரு மாதத்தில் முறுகி, படத்தின் ஒரு மூலை சுவரை விட்டு எழும்பும். சட்டமடிக்கும் ரீப்பர் கட்டையில் சிறு துளைகளோ, தட்டினால் மாவு மாதிரித் தூளோ கொட்டினால் உளுப்பு இருக்கிறது, வாங்காதீர்கள். துணியைத் தொடும் பக்கம் உள்நோக்கிச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். இல்லையென்றால் சில மாதத்தில் சட்டத்தின் விளிம்பு துணியில் கோடாகப் பதியும். 30 இன்ச்சுக்கு மேல் நீளமென்றால் நடுவில் குறுக்குச் சட்டம் வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுப் பின் கேளுங்கள்.

எந்த உயரத்தில், எப்படி மாட்டுவது?

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 இன்ச் உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. நம் கூடங்களில் உட்கார்ந்துதான் பேசுகிறோம், பலர் தரையில் உட்காருகிறார்கள். அதனால் சற்று இறக்கியே மாட்டுங்கள். சோபாவுக்கு மேலே என்றால் ஆறு முதல் எட்டு இன்ச் இடைவெளி, அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. நிலைக்கு மேல், உத்தரத்தை ஒட்டிப் படம் மாட்டும் பழைய பழக்கம் கேன்வாஸுக்கு ஒத்துவராது, அந்த உயரத்தில் ஒட்டடைதான் சேரும்.

சுவரில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, ரால் பிளக் (திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) செருகி, திருகு போடுங்கள். 24 இன்ச்சுக்கு மேல் அகலமென்றால் இரண்டு திருகு, ரசமட்டம் வைத்து. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்றால் ஒட்டும் கொக்கியைச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் நம்பாதீர்கள், பூச்சோடு உரிந்து வரும். அலமாரிமேல் சாய்த்து வைக்கலாம், கேன்வாஸ் அதற்கும் நன்றாகவே இருக்கும்.

எங்கள் சுவரில் ஓதம் இருக்கிறது. மாட்டலாமா?

அந்தச் சுவரில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் நீர் குடிக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவர் ஆண்டு முழுவதும் குடிக்கிறது. கேன்வாஸின் முதுகு திறந்தே இருப்பதால் அந்த ஈரம் நேராகத் துணிக்குப் போகும். முதலில் தொய்வு வரும், பிறகு பின்னால் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். முன்பக்கம் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சுவரைச் சோதிக்க எளிய வழி: ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காய்ந்த சுவராக இருந்தாலும் படத்தின் கீழ் மூலைகளின் பின்னால் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள், காற்று ஓட அந்த இடைவெளி போதும். தூசு வருகிறது என்று பின்பக்கத்தைப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடாதீர்கள், ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றி முதுகைப் பாருங்கள்.

நேர் வெயிலும் கூடாது. மேற்கு ஜன்னல் வெயில் படும் சுவர் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

எப்படித் துடைப்பது?

உலர்ந்த மைக்ரோபைபர் துணியால், அழுத்தாமல். கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கூடாது. போகிக்கு ஒட்டடை அடிக்கும் முன்பும் வெள்ளையடிக்கும் முன்பும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். புதிதாகப் பூசிய சுவர் முழுதாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

தொய்ந்துவிட்டது, அல்லது பள்ளம் விழுந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

சட்டத்தின் உள்மூலைகளில் சிறிய மர ஆப்புகள் இருந்தால், அவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மூலை விரிந்து துணி விறைக்கும். நான்கு மூலையையும் சமமாகத் தட்ட வேண்டும். ஆப்பு இல்லாத சட்டமென்றால் பின்னைக் கழற்றி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும், கடையில் அரை மணி நேர வேலை.

பைக்கில் கொண்டுபோகும்போது முட்டிப் பள்ளம் விழுவது சகஜம். பருத்தித் துணியானால் பின்பக்கம் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் பெரும்பாலும் எழும்பிவிடும். முன்னால் தண்ணீர் படக்கூடாது. மையே உதிர்ந்திருந்தால் வீட்டில் எதுவும் முயலாமல் கொண்டு வாருங்கள்.

ஒரே படத்தை மூன்று, ஐந்து துண்டாகப் போடலாமா?

மலை, கடல், காடு என்றால் அழகாக இருக்கும். துண்டுகளுக்கிடையே ஒரு இன்ச் விடுங்கள். முகங்களை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும்.

சட்டம் இல்லாமல் அச்சடித்த துணியை மட்டும் சுருட்டி அனுப்புங்கள். அச்சுப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் மைப்படலம் நசுங்கி வெடிக்க வாய்ப்பு உண்டு. இடையில் பட்டர் பேப்பர், குழாயின் குறுக்களவு நாலு இன்ச்சாவது இருக்கட்டும். மடிப்புக்கு அப்பால் சுற்றிலும் இரண்டு இன்ச் வெறும் துணி விட்டு அடிக்கச் சொல்லுங்கள், அங்கே இழுத்துக் கட்டுபவருக்குப் பிடிமானம் வேண்டும். குழாய் போய்ச் சேர்ந்ததும் பிரித்து, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி சுத்தமான துணிமேல் ஒரு நாள் விரித்து வைத்த பிறகு கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.